ஆரு அந்த மக்காலே

கொஞ்சம் நீங்கி இரு மக்களே. இல்ல, இல்ல, நீ ஜன்னல் பக்கமே இரு. வயித்துப்பிள்ளைக்காரிக்குக் காத்து வேணும். எனக்கு இந்தக் கரை போதும், பையை மடியில வெச்சுக்கிடுகேன். மார்த்தாண்டத்துக்கா? நான் சாமியார்மடத்துல இறங்கணும். எத்தனை மாசம்? நில்லு, சொல்லாத, நானே சொல்லுகேன். ஏழு முடிஞ்சிருக்கு. பாத்தியா! பேறு பாக்கதுதான் எனக்க வேலை. இப்ப ரிட்டயர் ஆயாச்சு. மிஷன் ஆஸ்பத்திரி லேபர் ரூம் சுகிர்தபாய் சிஸ்டர்னு கேட்டா பழைய ஆளுவளுக்குத் தெரியும்.

பேரு பாத்தாச்சா? மாமியாருக்க பேரா, அம்மைக்க பேரான்னு இழுவையா? எல்லா வீட்டிலயும் உள்ளதுதான். ஆனா அது சின்ன சண்டைன்னு நெனச்சிராத. நான் இப்பப் போறதே ஒரு பேரு சண்டைக்குத்தான். சண்டைன்னா வாய்ச்சண்டை இல்ல. போயி, கையைக் கட்டிட்டு இருந்து, கேட்டுட்டு வரணும்.

சாமியார்மடம் சபையில இன்னைக்கு, எனக்க கூட வேலை பாத்த குளோரிக்க கூட்டம். ஆப்பிரிக்காவுல கர்த்தர் அவளைக் கொண்டு செய்த காரியங்கள்னு சாட்சி சொல்லுகா. திரை கட்டி படம் எல்லாம் காட்டுகாவளாம். போன ஆளு ரெண்டு பேரு, கேட்டியா. நானும் அவளும். பிளெக்ஸ்ல பாக்கணுமே, அவ மட்டும் வாசல் உயரத்துக்கு நின்னு சிரிக்கா. கறுத்த பிள்ளைய ஒண்ணை இடுப்புல வெச்சிட்டு. எனக்க படமும் இருக்கு. இல்லேன்னு சொல்லப்பிடாது. ஒரு மூலையில, ஒலிபெருக்கிக்காரனுக்க போன் நம்பருக்கு மேல.

எனக்குப் பொறாமை கிடையாது. அதை முதல்லயே சொல்லிருகேன். பொறாமைப்படுகதுக்கு அவ ஆரு? எனக்க கீழ படிச்ச பிள்ள. ஊசி பிடிச்சா கை விறைக்கும். நான் கையைப் பிடிச்சுக் குத்தச் சொல்லிக் குடுத்தேன். சிரிப்பு மட்டும் உண்டு. வாயைத் திறந்தா சிரிப்பு. சாவு வீட்டுக்குப் போனாலும் அவ வாயைத் துணி வெச்சு மூடித்தான் கொண்டு போகணும்.

எனக்கு வீட்டுல ஆரும் இல்ல மக்களே. வீட்டுக்காரரு போய் சேந்தாச்சு. வயித்துல வந்தது ஒண்ணும் தங்கல. ஊரு பிள்ளையள எல்லாம் எடுத்து அவியவிய கையில குடுத்தேன், எனக்கு ஒண்ணைத் தரணும்னு கர்த்தருக்குத் தோணல. சரி. அதுக்கு அழுத காலம் எல்லாம் போச்சு. ஆனா மனசுல ஒரு ஆசை கெடந்துது. எனக்க அம்மைக்க பேரு எனக்கு. சுகிர்தம். எனக்குப் பிறகு அந்தப் பேரு ஆருக்கும் இல்ல. எங்கயாவது, எந்த மூலையிலயாவது ஒரு பிள்ளைக்கு எனக்க பேரு இருக்கணும். அவ்வளவுதான். பெரிய ஆசையா இது? நீயே சொல்லு.

அப்பத்தான் சபையில விளம்பரம் பண்ணினாவ. டான்சானியாவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு, நர்சுமாரு இல்லாம கஷ்டப்படுகு, சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் சாப்பாடும் உண்டு, ஊழியமா நெனச்சு வாறவங்க வரலாம்னு. ஆராதனை முடியதுக்குள்ள நான் பேரு குடுத்தேன். நான் குடுத்த பிறகுதான் குளோரி வந்து, "அக்கா போனா நானும் வாறேன்"னு நின்னா. அதை இன்னைக்கு மேடையில சொல்லுவாளா? சொல்லமாட்டா. பாரேன்.

டவுன்ல இருந்து லாரியில போகணும் அந்த ஊருக்கு. மழைன்னா லாரி நிக்கும், நாம இறங்கித் தள்ளணும். ஆஸ்பத்திரி நம்ம ஊரு பள்ளிக்கூடம் மாதிரி நீளமா ஒரு தகரக் கட்டடம். கரண்டு வந்தா வந்துது. சாப்பாடு உகாலி, சோளமாவுக் களி. முதல் நாளே குளோரி உருட்டி உருட்டித் தின்னுட்டு, "நல்லா இருக்கு"ன்னு சொன்னா. எல்லாரும் கை தட்டினாவ. அது நல்லா இருக்கும்னா மனுசன் எதுக்கு மீன்குழம்பு கண்டுபிடிச்சான்?

பாஷை சுவாஹிலி. அவ பிள்ளையள் வார்டு. பாட்டு பாடிப் பாடி பாஷையைப் படிச்சிட்டா. போன அன்னைக்கே கையைத் தட்டி, "எனக்க பேரு குளோரி, ஒனக்க பேரு என்ன"ன்னு அவிய பாஷையில ஒரு பாட்டு கட்டிட்டா. வார்டு முழுக்க அதைப் பாடுகு. எனக்கு அது பிடிக்காது. நம்ம பேரை நாமளே சொல்லிட்டுத் திரியதா? வேணும்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும். நான் ஆருகிட்டயும் சொல்லல. அவியளும் நேருல கேக்கல. அங்கயும் நம்மளை மாதிரிதான், மூத்தவியளைப் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாவ. "மாமா"ன்னுதான் கூப்பிடுவாவ. சிரிக்காத. அவியளுக்கு மாமான்னா அம்மை. முதல் நாள் ஒருத்தி என்னை மாமான்னு கூப்பிட்டதும், எனக்குப் பின்னால எந்த ஆம்பிளை நிக்கான்னு திரும்பிப் பாத்தேன்.

எனக்குத் தெரிஞ்சது நாலு வார்த்தை. சுக்கூமான்னா முக்குன்னு அர்த்தம். போலேன்னா பாவம், வலிக்குதான்னு. மிமின்னா நான். ஹப்பானான்னா இல்ல. போதாதா லேபர் ரூமுக்கு? பேறு முத்தி நிக்கும்போ எந்த பாஷை வாயில வரும்? அவ அலறுகா, நானும் அலறுகேன். "முக்கு மக்களே, விட்டுராத மக்களே, தலை தெரியுது மக்களே, இன்னும் ஒருக்கா மக்களே"ன்னு எல்லாம் நம்ம தமிழ்தான். ஒருத்தியும் வெளங்கலேன்னு சொல்லல. கையை இறுக்கிப் பிடிச்சுக்கிடுவாவ. பெத்து முடிச்சுட்டு எனக்க முகத்தைப் பாத்து அவியளும் என்னமோ முணுமுணுப்பாவ. நான் துணியை மாத்தவா, கொடியை அறுக்கவா, அதைக் கேக்கவா?

இனிதான் காரியம். அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பேறு கடினமா இருந்து தாயும் பிள்ளையும் பிழைச்சா, பிள்ளையை எடுத்த ஆளுக்க பேரை பிள்ளைக்கு வெப்பாவ. அதைக் கேட்டதும் எனக்குத் தேகம் எல்லாம் கூசிப் போச்சு. கர்த்தர் இதுக்குத்தான் என்னை இங்க கொண்டு வந்தாருன்னு முழங்கால்ல நின்னு ஸ்தோத்திரம் பண்ணினேன். கடினமான பேறு எல்லாம் எனக்க கையிலதானே? குளோரிக்கு லேபர் ரூம்ல என்ன வேலை?

ஆனா பாரு. ஒரு நாள் குளோரி துள்ளிட்டு வாறா. "அக்கா, அந்த வயித்துப்போக்குல கெடந்த பிள்ள பிழைச்சதுல்லா, அதுக்கு தங்கச்சி பிறந்திருக்கு. குளோரின்னு பேரு வெச்சிருக்காவ." அடுத்த மாசம் இன்னொரு குளோரி. பிறகு வரிசையா குளோரி. குலோரீயா, குலோரீயான்னு இழுப்பாவ. அவிய எந்தப் பேரையும் நடுவுல பிடிச்சு இழுத்துத்தான் சொல்லுவாவ. நான் விசாரிச்சேன். அந்த ஊர்ல இவ போகதுக்கு முன்னாலயே தெருவுக்கு நாலு குளோரி உண்டு! நம்ம ஊர்ல மேரி மாதிரி. ஆஸ்பத்திரியில துணி அலசுகவ பேரே குளோரி. ஆனா எல்லாம் இவளுக்காக வெச்சதாம். நான் சொன்னேன், "குளோரி, ரொம்ப துள்ளாத, அது அவிய ஊருப் பேரு"ன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "இருக்கட்டும் அக்கா, கூப்பிடும்போ எனக்கு சந்தோசமா இருக்கு"ன்னு. அந்தச் சிரிப்பைப் பாத்தா பத்திட்டு வரும் எனக்கு. இல்ல, பொறாமை இல்ல. வெப்ராளம், ஒரு மனஎரிச்சல். வேற என்ன சொல்லுகது அதை.

சரி, இவளையாவது கண்ணால கண்டேன். இன்னொருத்தி இருந்தா மக்களே. அவளை நான் கண்டதே இல்ல. மக்காலேன்னு ஒருத்தி.

ஆமா, மக்காலே. நான் ஒரு பிள்ளையை எடுத்துத் துடைச்சு அம்மைக்க மாருல வெப்பேன். ரெண்டு வாரம் கழிஞ்சு ஊசிக்குக் கொண்டு வருவாவ. பேரு என்னன்னு கேட்டா மக்காலே. அடுத்ததும் மக்காலே. பெண்ணுக்கும் மக்காலே, ஆணுக்கும் மக்காலே. கால் முதல்ல வந்த பிள்ள, கொடி சுத்தின பிள்ள, நீலம் பாரிச்சு நான் ஊதி ஊதி உயிரு வர வெச்ச பிள்ள, எல்லாம் மக்காலே! முதல்ல நான் அவிய ஜாதிப் பேருன்னு நெனச்சேன். பிறகுதான் மனசுக்குப் பட்டுது. எனக்கு முன்னால அந்த லேபர் ரூம்ல எவளோ ஒருத்தி இருந்திருக்கா. அந்த ஊருக்காரி. செத்துப் போனாளோ, கல்யாணம் முடிச்சுப் போனாளோ. அவளைத்தான் இன்னும் மறக்காம இருக்காவ. நான் எடுத்த பிள்ளைக்கும் அவளுக்க பேரு.

அவளைப் பத்தி நெனச்சு நெனச்சு எனக்கு சோறு இறங்கல. எப்பிடி இருந்திருப்பா? நல்ல பொறுமைக்காரியா இருந்திருப்பா. கையி மெதுவா இருந்திருக்கும். என்னை மாதிரி கத்தமாட்டாளா இருக்கும். குளோரியை ஏசலாம், அவ முன்னால நிக்கா. இல்லாத ஒருத்தியை என்ன செய்ய? லேபர் ரூம்ல கட்டிலைத் துடைக்கும்போ எல்லாம் நெனப்பேன், இதுலதானே அவ கையை வெச்சிருப்பான்னு. ரெண்டு தடவை துடைப்பேன்.

என்ன, என்னமோ சொல்ல வாறே? இரு, இதைக் கேளு. முக்கியமானது இனிதான்.

ரெஹேமான்னு ஒருத்தி. முன்னால பெத்தது ஒண்ணும் தங்காதவ. எனக்கு அவளைக் கண்டதும் மனசு என்னமோ செய்துது, ஏன்னு நான் சொல்லாண்டாம். பிள்ள குறுக்க கெடக்கு. டாக்டர் டவுனுக்குப் போயிருக்காரு, பாலத்துல தண்ணி. வயித்துக்கு வெளிய கையை வெச்சுத் திருப்பித் திருப்பி, எனக்க இடுப்பு ஒடிஞ்சுது. அவ கண்ணு மேல போவுது. "போவாத மக்களே, என்னை விட்டுட்டுப் போவாத மக்களே, நான் இருக்கேன் மக்களே"ன்னு அவ காதுல சொல்லிட்டே இருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. பெண்பிள்ள. அழுதுது. அவளும் பிழைச்சா. நான் சுவருல சாஞ்சு இருந்து அழுதேன். குளோரி வந்து காப்பி தந்தா. அன்னைக்கு மட்டும் அவ மேல எனக்கு ஒண்ணும் தோணல.

பிறகு ஒரு நாள் ரெஹேமா பிள்ளையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்தா. வாற ஞாயிறு ஞானஸ்நானம், மாமா வரணும்னு என்னை மட்டும் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டா. குளோரியைக் கூப்பிடல! நான் குளோரியிட்ட சொன்னேன், "இந்தத் தடவை பாரு"ன்னு. கொண்டு போயி உடுத்தாம வெச்சிருந்த பட்டுசேலையை எடுத்தேன். அந்தப் புழுதியில பட்டுசேலை! போதகருகிட்ட சொல்லத் தோதா இருக்கட்டும்னு ரெஹேமாகிட்ட எனக்க பேரைச் சொல்லிக் குடுக்கலாமான்னு கூட நெனச்சேன். பிறகு சீச்சீ, அவளுக்குத் தெரியாமலா கூப்பிட்டிருக்கான்னு விட்டுட்டேன்.

முன் பெஞ்சுல இருத்தினாவ. போதகர் பிள்ளையைக் கையில வாங்கி, பேரு என்னன்னு கேட்டாரு. ரெஹேமா திரும்பி என்னைப் பாத்தா. எனக்க கண்ணைப் பாத்துச் சிரிச்சுட்டே சொல்லுகா மக்களே, "மக்காலே"ன்னு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என்னைப் பாத்துட்டே சொல்லுகா! நெஞ்சுல ஓங்கி மிதிச்ச மாதிரி இருந்துது. சபை முழுக்க என்னைப் பாத்துக் கை தட்டுகு. எனக்கு அவமானமா, என்னன்னு சொல்ல. எழும்பி வந்துட்டேன். கோழி அடிச்சு சோறு வெச்சிருந்தாவளாம், தொடல. பின்னால ஆளு விட்டாவ, கதவை அடைச்சுட்டுப் படுத்துட்டேன்.

குளோரி வந்து கதவுல தட்டுகா. "அக்கா, அந்தப் பேரு இருக்குல்லா அக்கா, மக்காலேன்னா..."ன்னு ஆரம்பிச்சா. நான் விடுவேனா? "அந்தப் பேரை எனக்க காதுல போட்டா இன்னைக்கே ஊருக்கு வண்டி ஏறிருவேன்"னு சொன்னேன். ஆறுதல் சொல்ல வாறாளாம் எனக்கு. ஊரு முழுக்க அவ பேரு வெச்சவ, பேரு இல்லாதவளுக்கு ஆறுதல் சொல்லுகா. பிறகும் ரெண்டு மூணு தடவை வாயெடுத்தா. நான் எழும்பிப் போயிருவேன். கடைசியில அவளும் விட்டுட்டா. சமையல் ஒண்ணா, பேச்சு மட்டும் இல்ல.

என்ன மக்களே, கண்ணு கலங்கியிருக்கு? காத்தா? ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு. எதுக்கு எனக்க கையைப் பிடிக்கே? இரு, வில்லுக்குறி தாண்டியாச்சு, முடிச்சுருகேன்.

ரெண்டு வருசம் முடிஞ்சு வாற அன்னைக்கு ஆஸ்பத்திரி முற்றத்துல கூட்டம். எங்கெங்கேயோ இருந்து நடந்து வந்திருக்காவ. குளோரியைச் சுத்தி அவ குளோரியள். பாட்டு, சிரிப்பு, அழுகை. நான் பெட்டி பக்கத்துல நின்னேன். பாத்தா ஒரு கூட்டம் எனக்க பக்கமா வருகு. எனக்கு மனசு துடிச்சுது. எல்லாம் நான் பேறு பாத்த பெண்ணுங்க. முதுகுல பிள்ளையைக் கட்டிட்டு, கையில பிடிச்சுட்டு, ஒவ்வொருத்தியா பிள்ளையை முன்னால தள்ளி, "மக்காலே! மக்காலே!"ன்னு சொல்லுகா. குளோரியளைவிடக் கூடுதலா இருக்கும், பொய் சொல்லாண்டாம். அத்தனையும் மக்காலே.

போற நேரத்துலயும் அவ பேரையா எனக்க முகத்துக்கு நேரா சொல்லணும்?

ரெஹேமா வந்தா. பிள்ள நடக்கு இப்ப. நல்ல அழகு, கண்ணு ரெண்டும் உருண்டையா. பிள்ளையை எனக்க முன்னால நிறுத்திட்டு என்னைச் சுட்டிக் காட்டி அதுகிட்ட என்னமோ சொன்னா. அது எனக்க சேலையைப் பிடிச்சுட்டு மேல பாத்து கேட்டுது, "வெவே மக்காலே?" வெவேன்னா நீன்னு அர்த்தம். நீ மக்காலேயான்னு கேக்கு. ஆருன்னே தெரியாம, இவளோ அவளோன்னு கேக்கு பாத்தியா. நான் குனிஞ்சு, நல்லா வெளங்குக மாதிரி சொன்னேன். "மக்காலே ஹப்பானா. மிமி சுகிர்தா." நான் மக்காலே இல்ல. நான் சுகிர்தா.

பிள்ள அம்மைக்க முகத்தைப் பாத்துது. ரெஹேமாவுக்க முகம் வாடிப் போச்சு. அவ கையில ஒரு துணி இருந்துது, அங்க பெண்ணுங்க உடுக்குக பூப்போட்ட துணி, புதுசு. எனக்கு உள்ளதோன்னு நெனச்சேன். அதைத் திரும்ப மடிச்சு இடுக்கிக்கிட்டா. மக்காலேக்கு உள்ளதா இருக்கும். லாரி ஹாரன் அடிச்சான், ஏறிட்டேன். குளோரி அழுதுட்டே வந்தா வழி முழுக்க. நான் அழல.

ஊருக்கு வந்தும் அவ வீட்டுக்கு நான் போகல. நேத்து போன் பண்ணுகா. "அக்கா, கண்டிப்பா வரணும். ஒங்களை முன்னால இருத்தி மேடையில ஒரு காரியம் சொல்லணும். தனியா சொன்னா நீங்க கேக்கமாட்டிய"ன்னு. என்ன சொல்லப் போறா? எனக்கு எத்தனை குளோரி, அக்காவுக்கு ஒண்ணும் இல்லேன்னா? சொல்லட்டும். நான் முன் பெஞ்சுலயே இருப்பேன். பட்டுசேலைதான் உடுத்தியிருக்கேன், பாத்தியா? அதே சேலை.

சாமியார்மடமா? ஆமா தம்பி, ஒரு ஆளு இறங்கணும், நில்லு. பைய, பைய. நீ எழும்பாத மக்களே, வயித்தோட. என்ன, நானும் வந்ததுல இருந்து பாக்கேன், நீ வாயைத் தெறக்கே, நான் அடைச்சுருகேன். மன்னிச்சுக்கோ, பேச ஆளு இல்லாதவ. நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா மக்களே. பேருக்கு சண்டை போடாத.

ஆ, இறங்கிட்டேன், போலாம் தம்பி.

என்ன மக்களே? ஜன்னல் வழியா தலையை நீட்டாத! குடையா? குடை எனக்க கையில இருக்கு. கேக்கல, லாரி சத்தம். சத்தமாச் சொல்லு. என்னது? ஏறினதுல இருந்து நான் ஒன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டேனா? என்ன சொல்லிக் கூப்பிடுவேன், வாய்க்கு வந்த மாதிரி மக்களேன்னு... அதுக்கென்ன? அவியளையும் அப்பிடித்தான் கூப்பிட்டேன், நான் எல்லாரையும்...

இன்னொருக்க சொல்லு. இழுத்துச் சொல்லு. அவிய மாதிரி நடுவுல பிடிச்சு இழுத்து...

தம்பி, பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்து! தம்பி!

அப்ப அது நானா?

நான் இல்லேன்னுல்லா மக்களே அந்தப் பிள்ளையிட்ட சொல்லிட்டு வந்தேன்.